மாமாவின் சொந்தக் குரல்

அம்மாவின் அண்ணன் லண்டனில் நடிகராக இருந்தார். எங்கள் வீட்டில் இதை இரண்டு விதமாகச் சொல்வார்கள். விருந்தாளிகள் வந்தால், "பிரிட்டிஷ் படங்களிலும் தொலைக்காட்சியிலும் நடிக்கிறவர்" என்பார்கள். விருந்தாளிகள் போன பிறகு, "பாவம், சட்டம் படிக்கப் போன மனுசன்" என்பார்கள்.

இரண்டுமே உண்மைதான். யாழ்ப்பாணத்திலிருந்து சட்டம் படிக்க லண்டனுக்கு அனுப்பப்பட்டவர், இரண்டாம் வருடம் யாருக்கும் சொல்லாமல் நடிப்புப் பள்ளி ஒன்றில் சேர்ந்துவிட்டார். செய்தி ஊருக்கு எட்டியபோது அவருடைய தகப்பனார் கோபப்படவில்லையாம். அதற்குப் பிறகு மகனின் பெயரைச் சொல்வதை மட்டும் நிறுத்திக்கொண்டாராம். சொல்ல வேண்டிய தேவை வந்தால் "அங்கை இருக்கிறவர்" என்பாராம். சாகும்வரை அப்படித்தான்.

மாமாவுக்குக் கிடைத்த முதல் வேடம் பேருந்து நடத்துநர். ஒரே ஒரு வசனம். பிறகு மூலைக்கடைக்காரர், உணவக முதலாளி, வாடகைக்கார் ஓட்டி, ஷேக், எகிப்திய ஒற்றர், ஒருமுறை மெக்சிகோக்காரர். படங்களில் அவர் அடிக்கடி செத்துப்போவார். ஓடும் ரயிலிலிருந்து ஒருவர் அவரைத் தள்ளிவிடும் காட்சியை நான் என் பள்ளி சிநேகிதிகளுக்குக் கணினியில் பலமுறை போட்டுக் காட்டியிருக்கிறேன். அவர்கள் பிரமித்துப் போவார்கள். டெக்சஸில், கேட்டி என்ற எங்கள் ஊரில், ஓடும் ரயிலிலிருந்து விழுந்த மாமா வேறு யாருக்கும் இல்லை.

வயது ஏறிய பிறகுதான் நல்ல காலம் வந்தது. நெடுங்காலம் ஓடிய ஒரு போலீஸ் தொடரில் பிணப் பரிசோதனை செய்யும் டாக்டர் வேடம். வெள்ளைக் கோட்டுடன் மேசையருகே நின்று, யார் எப்போது எப்படி இறந்தார் என்பதை அமைதியான, ஆழமான குரலில் சொல்வார். லண்டனில் மீன்கடைக்காரர்கூட அவரை "டாக்டர்" என்றுதான் கூப்பிடுவாராம். யாழ்ப்பாணத்துத் தகப்பனார் அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் அந்த ஒரு சொல்லுக்காவது சமாதானமாகியிருப்பார் என்று அம்மா சொல்வார்.

அத்தனை வேடங்களிலும் அவர் ஒருமுறைகூடத் தமிழராக நடித்ததில்லை. அதை யாரும் ஒரு குறையாகச் சொல்லி நான் கேட்டதும் இல்லை.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஒரு வசந்த காலத்தில், மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருக்குத் தொண்டையில் புற்றுநோய். லண்டனில் கதிர்வீச்சு கொடுத்தார்கள். குறைந்து, மறுபடியும் வந்துவிட்டது. குரல்வளையை முழுவதுமாக எடுக்க வேண்டும் என்றார்கள். ஹூஸ்டனில் பெரிய மருத்துவர்கள் இருக்கிறார்கள், குரலைக் காப்பாற்ற ஒரு வழி சொல்வார்கள் என்று அம்மா பிடிவாதமாக அவரை வரவழைத்தார். அம்மாவும் டாக்டர்தான், மயக்க மருந்து கொடுப்பவர். ஹூஸ்டன் மருத்துவர்களும் லண்டன் மருத்துவர்கள் சொன்னதையே சொன்னார்கள். அப்படியானால் இங்கேயே நடக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளத் தானாவது பக்கத்தில் இருக்கலாம் என்று அம்மா முடிவு செய்தார். மாமாவுக்கு மனைவி பிள்ளைகள் கிடையாது.

எனக்குச் சொல்லப்பட்டது இவ்வளவுதான்: மாமாவுக்குத் தொண்டையில் ஒரு ஆபரேஷன். நான் அதற்கு முந்திய வருடம் டான்சில் எடுத்தவள். ஐஸ்கிரீம் கொடுப்பார்கள் என்று மாமாவுக்குத் தைரியம் சொன்னேன். அவர் என்ன சுவை நல்லது என்று அக்கறையாகக் கேட்டார்.

அப்பா எண்ணெய்க் கம்பனி வேலையாக வாரக்கணக்கில் நடுக்கடலில் இருப்பவர். அந்தச் சமயத்திலும் அங்கேதான் இருந்தார். வீட்டில் நாங்கள் மூவர். அவர்கள் இருவரும் தமிழில் பேசிக்கொள்வார்கள், என்னிடமும் தமிழில் பேசுவார்கள், நான் ஆங்கிலத்தில் பதில் சொல்வேன். மாமாவின் தமிழ் எனக்கு விநோதமாக இருந்தது. பத்திரமாக மடித்து வைத்த துணியை எடுத்து உடுத்துவதுபோல அவர் ஒவ்வொரு சொல்லாக எடுத்தார். நோயினால் குரல் கரகரத்திருந்தது. இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை தண்ணீர் குடிப்பார்.

அம்மாவின் ஆங்கிலம் மாமா செய்து கொடுத்தது. போர்க் காலத்தில் அம்மா பதினெட்டு வயதில் தனியாக லண்டன் வந்து இறங்கினார். மாமாவின் சின்ன வீட்டில்தான் தங்கினார். தினமும் காலையில் செய்தித்தாளை உரக்க வாசிக்க வைத்து, ஒவ்வொரு சொல்லாகத் திருத்தினாராம் மாமா. வேலையில்லாத மாதங்களில் அவருக்கு வேறு அலுவல் இல்லை என்பதால் திருத்தம் பலமாக இருந்தது. மருத்துவக் கல்லூரி நேர்முகத்துக்கு முதல் நாள், கதவைத் திறப்பதிலிருந்து நாற்காலியில் உட்காருவதுவரை ஒத்திகை. இன்றைக்கும் அம்மா வாயைத் திறந்தால் டெக்சஸ்காரர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஆபரேஷனுக்கு முந்திய வாரம் எனக்குப் பள்ளி விடுமுறை. மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தருகிற ஒரு பெண்மணி மாமாவுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார். கணினித் திரையில் ஆங்கில வாக்கியங்கள் ஒவ்வொன்றாக வரும். அவற்றை இயல்பான குரலில் வாசித்துப் பதிவு செய்ய வேண்டும். போதுமான அளவு சேர்ந்தால், பின்னாளில் அவர் தட்டச்சு செய்வதைக் கணினி அவருடைய குரலிலேயே பேசும். கரகரத்த குரலானாலும் பரவாயில்லை, அது உங்களுடையது என்று அந்தப் பெண்மணி சொன்னாராம்.

அம்மா வேலைக்குப் போகும்போது அந்தப் பொறுப்பை எங்கள் இருவரிடமும் ஒப்படைத்தார். மைக்கின் முன் மாமா, பொத்தானின் முன் நான்.

முதல் வாக்கியம், எனக்குத் தாகமாக இருக்கிறது என்பது. மாமா கண்ணாடியைச் சரிசெய்து கொண்டு, நிதானமாக வாசித்தார். திரும்பப் போட்டுக் காட்டச் சொன்னார். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இது ஆர் கதைக்கிறது?" என்றார்.

நீங்கள்தான் என்றேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். அதை அழித்துவிட்டு மறுபடி வாசித்தார். அதையும் அழிக்கச் சொன்னார். பல தடவை இப்படியே போயிற்று. எனக்கு அலுத்துப்போய்க் கால்களை ஆட்டத் தொடங்கினேன். அதைக் கவனித்திருப்பார் போலும். அடுத்த முறை மூலைக்கடைக்காரர் வந்து தனக்குத் தாகமாக இருப்பதாகக் கைகளை விரித்து முறையிட்டார்.

நான் சிரித்தேன். அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. ஜன்னலைத் திறந்துவிடச் சொல்லி ஷேக் கட்டளையிட்டார். எனக்குக் குளிர்கிறது என்பதை எகிப்திய ஒற்றர் யாருக்கும் கேட்காமல் ரகசியமாகச் சொன்னார். இன்று வானிலை நன்றாக இருக்கிறது என்று பிணப் பரிசோதனை டாக்டர் அறிவித்தபோது, கால்மாட்டில் ஒரு சடலம் கிடப்பதுபோலவே இருந்தது. நான் நாற்காலியிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். இடையிடையே அவருக்கு இருமல் வரும். கையை உயர்த்தி என்னைக் காத்திருக்கச் சொல்வார். தண்ணீர் குடிப்பார். பிறகு இன்னொருவர் வருவார். அந்த விடுமுறை முழுவதும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு அறையில் ஒரு கூட்டமே இருந்தது. அந்த வருடத்தில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த நாட்கள் அவை.

வாரக் கடைசியில் அம்மா வேலையிலிருந்து வந்து, உடைகூட மாற்றாமல் கணினியின் முன் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினார். அவர் எப்போது சிரிப்பார் என்று நான் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா ஒன்றைக் கேட்டார், இன்னொன்றைக் கேட்டார், நடுவிலிருந்து ஒன்றைத் தேடிக் கேட்டார். ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அண்ணை, இதில உங்கட குரல் எங்க?"

மாமா தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். "எல்லாம் என்ர குரல்தானே."

"விளையாடாதேங்கோ. நீங்கள் தண்ணி கேக்கேக்க அது கடைக்காரன்ர குரலில வந்தால் நான் என்ன செய்ய?"

அவர் குழாயை மூடினார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"நான் தேடிப் பாத்தனான் பிள்ளை. இங்கிலிஷில எனக்கெண்டு ஒரு குரல் இல்லை. வந்த ஒவ்வொருத்தரும் தங்களுக்குத் தேவையானதை எடுத்துக்கொண்டு போயிட்டினம். நீ கேக்கிறது எதெண்டு எனக்கே தெரியேல்லை."

"அப்ப தமிழில வாசியுங்கோ."

"மெசினுக்குத் தமிழ் தெரியாதாம்."

மாமா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. எழுந்து போய்த் தன் அலைபேசியை எடுத்து வந்து அவர் முன் வைத்து, மெசின் வேண்டாம், இதில் தமிழில் எதையாவது பேசுங்கள், எனக்காகப் பேசுங்கள் என்றார். மாமா அதைப் பார்த்தபடி இருந்தார். தொண்டையைச் செருமினார். பிறகு மேடைப் பேச்சாளர் மாதிரி "அனைவருக்கும் வணக்கம்" என்றார். நிறுத்தினார். மறுபடி முயன்றார். வேறொன்றும் வரவில்லை. அம்மா அலைபேசியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். எங்கள் விளையாட்டை அம்மா கெடுத்துவிட்டார் என்று எனக்குக் கோபமாக இருந்தது.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. மாமா சில மாதங்கள் எங்களுடன் இருந்துவிட்டு லண்டனுக்குத் திரும்பினார். கழுத்தில் அழுத்திப் பேசுகிற ஒரு சிறு கருவி கொடுத்திருந்தார்கள். அதிலிருந்து ஒரே சுருதியில், ஏற்ற இறக்கமில்லாமல், தேனீ இரைவது போன்ற ஒலி வரும். அவர் அதை அதிகம் எடுப்பதில்லை. எங்களோடு பேச வேண்டுமென்றால் எழுத்திலேயே அனுப்பினார். அதற்குப் பிறகும் ஒரு படத்தில் நடித்தார். ஜன்னலருகே உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவர். வசனமே இல்லை. அவர் நடித்ததிலேயே சிறந்தது அதுதான் என்று லண்டன் பத்திரிகைகளில் எழுதினார்கள். நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் இறந்துபோனார்.

இறுதிச் சடங்குக்கு நானும் அம்மாவும் போனோம். அவருடன் நடித்தவர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். மண்டபத்தில் ஒரு திரை கட்டி, அவருடைய காட்சிகளைத் தொகுத்து ஓடவிட்டார்கள். கடைக்காரர் பேசினார், ஷேக் பேசினார், டாக்டர் பேசினார். வந்தவர்கள் சிரித்தார்கள், கண்ணைத் துடைத்தார்கள். அம்மா பாதியில் எழுந்து வெளியே போய் நின்றார். நான் கூடவே போனேன். உள்ளே அண்ணையைக் காணவில்லை என்று மட்டும் சொன்னார்.

அப்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு முழுதாக நினைவுக்கு வந்தது.

ஆபரேஷன் திங்கட்கிழமை. முதல் நாள் மதியமே வந்து மருத்துவமனையில் சேரச் சொல்லியிருந்தார்கள். என்னை விட்டுப் போக வீட்டில் ஆளில்லாததால் நானும் காரில் ஏறினேன். முன்னால் அம்மாவும் மாமாவும். பின்னால் நானும் மாமாவின் பையும். கேட்டியிலிருந்து ஹூஸ்டனுக்குப் போகும் அகலமான ஃப்ரீவேயில் ஞாயிற்றுக்கிழமை என்பதால் நெரிசல் குறைவு. சாலையோர விளம்பரப் பலகைகளில் விபத்து வழக்கறிஞர்கள் கையைக் கட்டிக்கொண்டு முறைத்தார்கள். மாமா அந்த விளம்பரங்களைப் பிணப் பரிசோதனை டாக்டரின் குரலில் எனக்கு வாசித்துக் காட்டிக்கொண்டு வந்தார்.

நகரத்தைச் சுற்றி வட்டமாகப் போகிற 610 என்ற நெடுஞ்சாலையில் கார் ஏறிய பிறகு அவர் வாசிப்பதை நிறுத்தினார். பிறகு, அம்மாவைப் பார்க்காமல், எதிரே கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு தமிழில் பேசத் தொடங்கினார்.

"நீ லண்டனுக்கு வந்த அண்டைக்கு நான் எயர்போட்டுக்குப் பிந்தி வந்தனான் எண்டுதானே எல்லாருக்கும் சொல்லிறனீ."

"பிந்தித்தானே வந்தனீங்கள்," என்றார் அம்மா. "ஆக்கள் எல்லாம் போயிட்டினம். நான் பெட்டிக்கு மேல இருந்து அழுதுகொண்டிருந்தனான்."

"நான் பிந்தேல்லை. நீ வெளிய வரேக்க அங்கதான் நிண்டனான். காசு மாத்திற இடத்துக்குப் பக்கத்தில ஒரு தூண். அதுக்குப் பின்னால."

அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். உடனே சாலையைப் பார்த்தார்.

"உன்னைக் கண்டிட்டன். அப்பிடியே அம்மான்ர முகம். கிட்ட வந்து கதைக்க வேணும். என்னெண்டு கதைக்கிறது? எத்தினையோ வருசம் நான் ஒருத்தரோடயும் தமிழ் கதைக்கேல்லை. சட்டம் படிக்க வந்திட்டு நாடகம் ஆடுறன் எண்டு எங்கட ஆக்களிட்ட இருந்து ஒளிச்சுத் திரிஞ்சனான். வாயைத் திறந்தால் இங்கிலிஷ்தான் வருது. அதுவும் அந்தக் கடைக்காரன்ர இங்கிலிஷ்." தண்ணீர்ப் போத்தலைத் திறந்து ஒரு வாய் குடித்தார். "தூணுக்குப் பின்னால நிண்டு சொல்லிச் சொல்லிப் பாத்தன். 'வந்திட்டியே பிள்ளை.' அந்த ஒரு வசனம்தான். அது சரியா வருமட்டும் உனக்கு முன்னால வர வெக்கமாயிருந்தது. நீ அழுறாய். எனக்குத் தெரியுது. நான் பாடமாக்கிக்கொண்டு நிக்கிறன்."

அம்மா முன்னால் போன ஒரு லாரியைக் கடந்தார். பிறகு, "சரியாத்தான் சொன்னனீங்கள் அண்ணை," என்றார்.

மாமா தலையை ஆட்டினார். அன்று பேருந்தின் மேல்தட்டில் அம்மாவை ஏற்றிக்கொண்டு போனது, தான் கொண்டுவந்த பனங்கட்டியைச் சுங்கத்தில் பறித்துவிட்டார்கள் என்று அம்மா வழியெல்லாம் புலம்பியது, இரவு சோற்றைக் குழைய விட்டுவிட்டு இருவரும் அதையே தின்றது எல்லாவற்றையும் சொன்னார். அவர் சொற்களைத் தேடவில்லை. குரல் உடைந்து, காற்று கலந்து, சில இடங்களில் வெறும் மூச்சாகவே வந்தது. கடைக்காரரும் டாக்டரும் அதில் இல்லை. எனக்கு அது சுவாரசியமாகவும் இல்லை. மறுபடி விளம்பரம் வாசிக்க மாட்டாரா என்று காத்திருந்தேன்.

மருத்துவமனைகளுக்குத் திரும்பச் சொல்லும் பச்சைப் பலகை வந்தது. எனக்கு அது தெரியும். அம்மா சிக்னல் போடவில்லை. எங்கள் கார் நேராகப் போயிற்று.

எக்ஸிட் போய்விட்டதே என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். இருவரும் திரும்பவில்லை.

"பிறகு?" என்று அம்மா கேட்டார்.

மாமா தொடர்ந்தார். கார் நகரத்தின் கிழக்குப் பக்கம் போயிற்று. கப்பல் கால்வாய்க்கு மேலே உயரமான பாலத்தில் ஏறி இறங்கியது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் தொட்டிகளும் புகைபோக்கிகளும் இரண்டு பக்கமும் வந்து பின்னால் போயின. நேரமாகிறது, ஆபரேஷனை வேறு யாருக்காவது செய்துவிடப் போகிறார்கள் என்று எனக்குப் பயமாக இருந்தது. மறுபடியும் சொன்னேன். அம்மா வலது கையைப் பின்னால் நீட்டி என் முழங்காலை மெதுவாகத் தட்டினார். ஒவ்வொரு முறை மாமா நிறுத்தும்போதும், "பிறகு?" என்றார். அவர்கள் தகப்பனார் இறந்த செய்தி லண்டனுக்கு வந்த நாள். அம்மாவின் முதல் பரீட்சை. மாமா கல்யாணம் செய்ய நினைத்துச் செய்யாமல் விட்ட ஒரு பெண். வடக்குப் பக்கம், மேற்குப் பக்கம், நாங்கள் முதலில் ஏறிய இடம், எல்லாம் கடந்தன. பழைய பலகை மறுபடி எதிரே வந்தபோது மாமாவே கையைத் தூக்கி அதைக் காட்டினார். அம்மா சிக்னல் போட்டார்.

அன்று மாலை அப்பா கடலிலிருந்து பேசினார். எல்லாம் ஒழுங்காக நடந்ததா என்று கேட்டார். ஒழுங்குதான், ஆனால் அம்மாவுக்கு வழி தவறிவிட்டது, ஹூஸ்டனையே சுற்றிக்கொண்டு வந்தோம் என்றேன். அம்மாவுக்கா வழி தவறியது என்று அப்பா கேட்டார். அம்மா பல வருடங்களாகத் தினமும் வேலைக்குப் போய்வருகிற பாதை அது என்பது எனக்குத் தோன்றவேயில்லை.